காணி கொடுத்தவர் கைகட்டி நிற்பதா?

நிலம் கொடுத்தவன் வாயிலில் நிற்கின்றான். வரி வாங்குபவன் நடுவீட்டில் அமர்ந்திருக்கின்றான். இதற்கு உள்ளாட்சி என்று பெயர்! வடலூரின் நூற்றைம்பதாண்டு வரலாற்றைச் சுருக்கிச் சொல்லுக என்று எவரேனும் கேட்பின், இவ்வொரு தொடரே போதும்.

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ணுருட்டியினின்று சேத்தியாத்தோப்பு செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அமைந்த ஊர் வடலூர். இன்று அது நகராட்சி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே நாற்பதாயிரத்தை அணுகிய மக்கள்தொகை. நாற்றிசையும் மனைப்பிரிவுகள், மாடி வீடுகள், பேருந்துகளின் இரைச்சல். ஆயின் இவ்வூரின் பெயர் உலகெங்கும் உள்ள தமிழர் நாவில் நிலைத்தது மாடி வீடுகளால் அன்று, ஓர் அடுப்பால்! அவ்வடுப்பை ஏற்றியவர் வள்ளலார். அவ்வடுப்பு எரிவதற்கு இடம் தந்தவர் ஊரார்.

ஆணையின்றி அமைந்த ஆட்சி

1867-ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று வடலூரில் நகராட்சி இல்லை; பேரூராட்சி இல்லை; ஊராட்சி மன்றமும் இல்லை. உள்ளாட்சி பற்றி இரிப்பன் பெருமகனாரின் தீர்மானம் வெளிவந்தது 1882-இல்தான். அதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. கருங்குழியில் தங்கியிருந்த அடிகள், பசித்தோர்க்குச் சோறிடும் சாலை ஒன்று அமைக்க இடம் வேண்டினார். பார்வதிபுரத்து ஊரார் கூடினர், பேசினர், ஒப்பினர். எண்பது காணி நிலத்தை விலையின்றி எழுதிக் கொடுத்தனர். ஒரு காணி என்பது 1.32 ஏக்கர். ஆக, ஏறத்தாழ 106 ஏக்கர்! மாவட்டத் தண்டலர் ஆணையிடவில்லை. வெள்ளைக்காரன் வற்புறுத்தவில்லை. சட்டம் போட்டுப் பறிக்கவில்லை. ஊர் கூடி முடிவெடுத்தது, ஊர் கையொப்பமிட்டது, ஊர் கொடுத்தது.

தன்னாட்சி என்பது வேறு என்ன? ஓர் ஊர் தன் நிலத்தைப் பற்றித் தானே கூடி, தானே முடிவெடுத்து, அம்முடிவின் பொறுப்பைத் தானே ஏற்பதற்குத்தானே தன்னாட்சி என்று பெயர்? இந்தக் கணக்கில், சட்டப் பொத்தகங்களில் உள்ளாட்சி என்னும் சொல் ஏறுமுன்பே உள்ளாட்சியை நடத்திக் காட்டிய ஊர் வடலூர்.

அவ்வாண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலை என்னும் அறச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. 1872 சனவரி 25, தைப்பூச நாளன்று, எட்டுக் கோண வடிவில் எழுந்த சத்திய ஞான சபை என்னும் மெய்யறிவு மன்றில் ஒளி வழிபாடு தொடங்கியது. 1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அடிகள் அறைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார். அடுத்த ஈராண்டிலேயே தாதுவாண்டு வற்கடம் தமிழகத்தைச் சூறையாடியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் பல நூறாயிரவர் பட்டினியால் மாண்டனர். சோறு போட ஓர் அடுப்பு என்று அடிகள் எண்ணியது எத்துணைத் தொலைநோக்கு என்பதற்கு அவ்வற்கடமே சான்று.

அவ்வடுப்புக்கு விறகும் அரிசியும் எங்கிருந்து வந்தன? அரசுக் கருவூலத்தினின்று அன்று. உழவர் வண்டியில் ஏற்றி வந்தனர். பெண்டிர் முறத்தில் அளந்து தந்தனர். ஊர்ப் பொதுவை ஊரே காத்த இம்முறைமையைப் பாடமாக எழுதி, உள்ளாட்சித் துறையின் ஒவ்வோர் அலுவலகத்திலும் தொங்கவிட வேண்டாவா? தொங்குவதோ அமைச்சர்களின் படங்கள்!

தனித்தமிழின் வேர் இவ்வூரில்

தனித்தமிழ் இயக்கத்தார்க்கு வடலூர் வெறும் வழிபாட்டு ஊர் அன்று. 1916-ஆம் ஆண்டில் வேதாசலம் என்னும் பெயர் தாங்கியிருந்த பேரறிஞர் மறைமலையடிகள் ஆனாரே, அம்மாற்றத்திற்கு வித்திட்டது எது? அவர்தம் மகளார் நீலாம்பிகையார் பாட, அடிகள் கேட்டுச் சுவைத்த திருவருட்பாப் பாட்டு. அதில் வந்த 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்று தந்தையார் சொல்ல, அவ்விடத்தே தனித்தமிழ் உறுதி பிறந்தது. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. வடலூராரின் பாட்டு பல்லாவரத்தில் ஒலித்ததால் விளைந்த விளைவு இது.

'அடிகளே சத்தியம் என்றும் தருமம் என்றும் ஞானம் என்றும் சபை என்றும் வடசொற்களைத்தாமே இட்டார்? 1872-இல் தமிழோடு வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்கும் பள்ளியைத்தாமே தொடங்கினார்?' என்று சிலர் மடக்குவர். மறுப்பதற்கில்லை, இட்டார், தொடங்கினார். அக்காலத்து எழுத்து வழக்கு அவ்வாறு இருந்தது. ஆயின், எளிய மக்களைக் கூட்டித் திருக்குறளுக்கு வகுப்பு நடத்தச் செய்தவரும் அவரே. வழிபாட்டிற்கு இடையாளும் வேண்டா, புரியாத ஒலியும் வேண்டா என்று வழிவகுத்தவரும் அவரே. சொல்லில் ஒட்டியிருந்த தூசு வேறு. நெஞ்சில் நின்ற நோக்கம் வேறு. தூசைத் தட்டுவது பின்வந்தோர் கடமை. மறைமலையடிகள் தட்டினார். அவரைப் பின்பற்றுவோர் இன்று தட்ட வேண்டியது சொல்லில் உள்ள தூசை மட்டும் அன்று; ஆட்சியில் படிந்துள்ள தூசையும்!

அடிகள் வகுத்த வழிபாட்டு முறைக்கு மாறாக, மெய்யறிவு மன்றினுள் உருவ வழிபாடு புகுத்தப்பட்டதும், அன்பர்கள் விடாது முறையிட்டதும் பலரும் அறிந்தது. 2006-ஆம் ஆண்டில் அறநிலையத்துறை, அடிகள் வகுத்த முறைப்படியே வழிபாடு நடத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. 2010-இல் சென்னை உயர் முறைமன்றம் அவ்வாணையை நிலைநிறுத்தியது. எளிய மக்கள் விழித்திருந்தால் எதுவும் மீளும் என்பதற்கு இது சான்று. விழிப்பு தளர்ந்தால் எதுவும் போகும் என்பதற்கும் இதுவே சான்று.

ஊர் வேறு, சபை வேறு

உள்ளாட்சி பற்றிப் பேசும் மேடையில் எல்லாம் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு; கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தனர். வயது முப்பத்தைந்துக்குமேல், எழுபதுக்குள். வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். எல்லாம் மெய்யே. ஆனால் அம்மேடைகளில் சொல்லாமல் விழுங்கும் பகுதி ஒன்று உண்டு. உத்தரமேரூர் வேதியர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊர். அங்கு இருந்தது 'சபை'. அதில் இடம்பெற வடமொழி மறை ஓதியிருத்தல் வேண்டும். உழுது பயிரிட்ட தமிழ்க்குடிகள் வாழ்ந்த ஊர்களில் இருந்த மன்றத்தின் பெயர் 'ஊர்'. வணிகர் மன்றத்தின் பெயர் 'நகரம்'. பல ஊர்கள் சேர்ந்த அமைப்பின் பெயர் 'நாடு'. வாழும் இடத்திற்கும் அவ்விடத்து மக்கள் கூடும் மன்றத்திற்கும் ஒரே பெயர் இட்டவர் தமிழர். ஊர் என்றால் ஊரார். ஊரார் கூடினால் அதுவே ஊர்!

இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ள அரசியல் அறிவு எத்துணை ஆழமானது! மக்களினின்று வேறாக மன்றம் ஒன்று இல்லை. மன்றம் என்பது மக்கள் கூடிய நிலை, அவ்வளவே. 1867-இல் பார்வதிபுரத்தார் கூடிக் காணி கொடுத்தது அப்பழைய 'ஊர்' என்னும் அமைப்பின் தொடர்ச்சி.

உத்தரமேரூர்க் கல்வெட்டினின்று கற்கவேண்டியதும் ஒன்று உண்டு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுமுறை நிற்க இயலாது; அவன் நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. இன்றைய தமிழகத்தில் இவ்விதியை ஒரே ஒருமுறை நடைமுறைப்படுத்தினால் எத்தனை நகராட்சி மன்றங்களில் இருக்கைகள் நிரம்பும்? குடவோலையின் பெருமையை மேடையில் முழங்குவோர் இவ்விதியை மட்டும் மறந்துவிடுவது ஏனோ?

முனிசிபாலிட்டி நகராட்சி ஆயிற்று. பஞ்சாயத்து ஊராட்சி ஆயிற்று. கமிசனர் ஆணையர் ஆனார். தமிழியக்கத்தார் பல்லாண்டு பாடுபட்டுப் பெற்ற வெற்றிகள் இவை. ஆயின் சொல் மாறியது, முறை மாறிற்றா? 'ஆட்சி' என்னும் சொல் பெயர்ப்பலகையில் ஏறியது. ஆளும் உரிமை தலைநகரிலேயே தங்கிவிட்டது.

கரி எடுத்தவர் நகர் கண்டனர்

வடலூர் சிற்றூராக இருந்து புறநகராக மாறிய கதை நெய்வேலியின் கதையோடு பின்னிக் கிடக்கின்றது. தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வருவதைக் கண்டு, அதை அரசுக்கு அறிவித்து, நிலமும் கொடையாகத் தந்தவர் சம்புலிங்கனார் என்னும் நெய்வேலிப் பெருநிலக்கிழார். இங்கும் முதலில் வருபவர் கொடுத்தவரே! 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1962-இல் அனல்மின் நிலையத்தில் மின்னாற்றல் பிறந்தது. சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் பல பெயர்க்கப்பட்டன. அகன்ற சாலைகளும் எண்ணிட்ட வட்டங்களுமாகத் திட்டமிட்ட நகரியம் எழுந்தது.

நகரியத்தின் வீடு பணியில் இருக்கும் வரைதான் சொந்தம். ஓய்வு பெற்றால் திறவுகோலைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறவேண்டும். வெளியேறியவர் எங்குச் செல்வர்? பிள்ளைகள் படித்த பள்ளி அருகில். பழகிய முகங்கள் அருகில். ஆகவே வடலூரில் மனை வாங்கினர். ஒப்பந்தத் தொழிலாளர் வாடகைக்கு வந்தனர். பீங்கான் தொழிற்கூடங்களும் பெருகின. நெல் விளைந்த கழனி மனையாயிற்று. மனைக்கு விலை ஏறிற்று. விலை ஏற ஏற எஞ்சிய கழனியும் மனையாயிற்று. இவ்வாறு வாழவந்தோரைக் குறை கூறுவதற்கு ஒன்றும் இல்லை. அவரும் தமிழரே, உழைத்து ஓய்ந்தவரே. குறை, வாழ வருவோர்க்கும் முன்பே வாழ்வோர்க்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டிய ஆட்சியினுடையது. நகரியத்தை வட்டம் வட்டமாக வரைந்த கைகள் புறநகருக்குச் சாக்கடையும் வரையவில்லையே!

நீரின் கதை இன்னும் நெஞ்சைச் சுடும். வீராணத்து நீர் சேத்தியாத்தோப்பினின்று இறைக்கப்பட்டு, வடலூரை ஒட்டிய வடக்குத்தில் தூய்மை செய்யப்பட்டு, காடாம்புலியூர் வழியாகப் போரூர் சென்று சென்னையின் தாகத்தைத் தணிக்கின்றது. 2004-இல் செயற்பாட்டுக்கு வந்த இத்திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி இலிட்டர். சென்னைத் தமிழன் நீர் அருந்தட்டும். அதில் எவர்க்கும் பொறாமை இல்லை. ஆனால் நிலக்கரி இங்கிருந்து போகின்றது. மின்னாற்றல் இங்கிருந்து போகின்றது. நீர் இவ்வழியே போகின்றது. போவதெல்லாம் இவ்வழி, வருவது என்ன? போகும் பொருளின் அளவை இங்குள்ளோர் முடிவு செய்கின்றனரா? 2023 சூலையில் மேல்வளையமாதேவியில், கதிர் விடும் நிலையில் நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி எந்திரங்கள் ஏறிய காட்சியை நாடே கண்டது. இழப்பீடு முன்னமே கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடைக்கு இன்னும் சில கிழமைகள் காத்திருக்கக்கூடாதா என்று கேட்டது உழவர் கூட்டம். தாளில் உள்ள ஆவணம் ஒருபுறம்; தாளில் நிற்கும் நெல் ஒருபுறம். எதை மதிக்கும் ஆட்சி தமிழாட்சி?

மன்றமே இல்லாத நகராட்சி

இனி நகராட்சியின் கதைக்கு வருவோம். தமிழகத்தின் உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அகுதோபரில் முடிந்தது. நகர்ப்புற மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் எப்போது நடந்தது? 2022 பிப்பிரவரி 19-ஆம் நாள்! ஐந்தாண்டுக்கும் மேலாகத் தமிழகத்தின் எந்தப் பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை. தனி அலுவலர் ஆண்டார். ஒரு முழு மன்றத்தின் காலத்தைக் கடத்தி முடிக்கும் அளவிற்கு ஒரு வெற்றிடம். 1992-இல் இயற்றிய 74-ஆம் அரசியற் சட்டத் திருத்தம், மன்றத்தின் காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டும் என்று வரையறுத்துள்ளது. வரையறை தாளில் இருந்தது. தனி அலுவலர் நாற்காலியில் இருந்தார். ஆட்சியில் இருந்த கட்சி மாறியது, வழக்குகள் மாறின, கரணியங்கள் மாறின, மக்களுக்கு மன்றம் இல்லை என்பது மட்டும் மாறவில்லை.

அவ்வெற்றிடத்தின் நடுவில்தான், 2021-ஆம் ஆண்டில், வடலூர் பேரூராட்சியை நகராட்சியாக உயர்த்தும் அறிவிப்பு வெளிவந்தது. எண்ணிப் பார்க்க! ஓர் ஊரின் ஆட்சி வகையே மாறுகின்றது. வரியின் தரம் மாறுகின்றது. அலுவலர் படிநிலை மாறுகின்றது. அதைப் பற்றி வாய்திறக்க அவ்வூரில் மக்கள் தேர்ந்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. 1867-இல் வெள்ளையன் ஆட்சியில், ஊரார் கூடி முடிவெடுத்துக் கையொப்பமிட்டனர். 2021-இல் மக்களாட்சியில், ஊரார் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டனர்! இதற்கு 'உயர்வு' என்று பெயர் சூட்டியதுதான் வியப்பு. உயர்ந்தது எது? ஊரின் உரிமையா, வரியின் விழுக்காடா?

வரியின் விடையை ஆட்சியே தந்தது. 2022 ஏப்பிரலில் நகர்ப்புறச் சொத்துவரி தமிழகமெங்கும் உயர்த்தப்பட்டது. சென்னைக்கு வெளியிலும், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டிற்கே 25 விழுக்காடு. 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடு. பல்லாண்டு உயர்த்தவில்லை, நடுவண் நிதிக்கழகம் கேட்கின்றது என்று விளக்கம் சொல்லப்பட்டது. வரி கொடுப்பது குற்றம் அன்று. வரியின்றி விளக்கும் எரியாது, வாய்க்காலும் ஓடாது. ஆனால் வரி உயர்வை எங்கோ முடிவு செய்துவிட்டு, ஊர்மன்றத்தைக் கையொப்பமிடும் கருவியாக ஆக்குவதற்கு மன்றம் எதற்கு? தேர்தல் எதற்கு?

ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். ஊராட்சிகளுக்கு மட்டும் இருந்த மக்கள் கூட்டம், நகர்ப்புறத்திற்கும் பகுதி சபை என்னும் பெயரில் வகுக்கப்பட்டு, 2022 நவம்பர் 1-ஆம் நாள் முதன்முறை கூட்டப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் 'பகுதி மன்றம்' என்று சொல்ல நாக்கு ஏன் கூசிற்று? 'சபை' என்றே சொல்லவேண்டுமா? சரி, சொல் போகட்டும். அக்கூட்டத்தின் முடிவு நகராட்சியைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாத கூட்டம் ஊரார் குறையைக் கொட்டும் குப்பைத்தொட்டியாகத்தானே முடியும்?

பெருவெளியில் தோண்டிய குழி

இப்போது கதை தொடங்கிய இடத்திற்கே திரும்புகின்றது. அடிகளின் மன்றைச் சூழ்ந்த திறந்தவெளிக்குப் பெருவெளி என்று பெயர். தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலகி ஒளி தெரியும்போது, நூறாயிரக்கணக்கானோர் நின்று காண இடம் தருவது அவ்வெளி. வேலியின்றி, குலமின்றி, கட்டணமின்றி எவரும் நிற்கலாம். வெட்டவெளியே அங்கு வழிபாட்டின் ஒரு பகுதி.

அவ்வெளியில் வள்ளலார் பன்னாட்டு நடுவம் என்னும் பெயரில், ஏறத்தாழ 100 கோடி உருவா செலவில் கட்டடங்கள் எழுப்ப 2024 பிப்பிரவரி 17-ஆம் நாள் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். ஏப்பிரலில் குழி தோண்டத் தொடங்கினர். பார்வதிபுரத்து மக்கள் திரண்டு சென்று குழிக்குள் இறங்கி நின்றனர். ஆடவர் மட்டும் அல்லர், பெண்டிரும் நின்றனர். அவர்கள் யார்? காணி கொடுத்தவர்களின் வழிவந்தோர்! 'எங்கள் பாட்டன் கொடுத்தது வெளிக்கு. கட்டடத்திற்கு அன்று' என்பது அவர்கள் வழக்கு. சிக்கல் உயர் முறைமன்றம் சென்றது. குழியில் பழங்கட்டுமானம் தென்பட்டது என்னும் கூற்றை ஒட்டித் தொல்லியல் வல்லுநரின் ஆய்வு வரை பேச்சு நீண்டது. கொடுத்த காணிகளுள் ஒரு பகுதி பிறர் கைக்குள் போயிருப்பதும் அவ்வழக்கால் நாடறியப் பேசப்பட்டது.

அரசின் தரப்பையும் நேர்மையோடு எண்ண வேண்டும். வருவோர் பெருகிவிட்டனர், தங்க இடம் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், மருத்துவம் வேண்டும், நூலகம் வேண்டும், உலகெங்கும் அடிகளின் நெறி பரவ வேண்டும். இவற்றுள் எது தீது? ஒன்றும் தீதன்று. அமைக்கட்டும், நன்றாகவே அமைக்கட்டும்! ஆனால் வெளியை விழுங்கித்தான் அமைக்க வேண்டுமா? சுற்றிலும் வேறு நிலமே இல்லையா? பிறர் கைக்குப் போன காணியை மீட்டு அங்கு அமைத்தால் ஆகாதா? எல்லாவற்றிற்கும் மேலாக, காணி கொடுத்த ஊரை முதலில் கூட்டி, 'உங்கள் முன்னோர் கொடுத்த வெளியில் இதைச் செய்ய எண்ணுகின்றோம், ஒப்புவீரா?' என்று கேட்டு, அவர்தம் ஒப்புதலைப் பெற்றபின் கடப்பாரையை எடுத்திருந்தால், குழிக்குள் இறங்கி நிற்கும் நிலை அம்மக்களுக்கு வந்திருக்குமா? வழக்கின் முடிவு எதுவாயினும் இக்கேள்வி அழியாது.

இங்கு ஓர் ஒப்பீடு. வடலூரினின்று சிறிது தொலைவில் உள்ளது தில்லை. அங்குள்ள கோயிலுக்கு அரசு செயல் அலுவலரை அமர்த்தியது, தீட்சிதர் வழக்காடினர், 2014 சனவரியில் நாட்டின் தலைமை முறைமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு குழுவினர் தம் உரிமையை ஆவணத்தோடும் ஒற்றுமையோடும் இறுதிவரை வழக்காடிக் காத்துக்கொண்டனர். வடலூரை 'உத்தர ஞான சிதம்பரம்' என்று அடிகள் பெயரிட்டது எதற்காக? தில்லையில் சிலர்க்கே உரிய உரிமை, இங்கு எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காக. ஆனால் சிலர்க்கு உரியது பாதுகாப்பாக இருக்கின்றது. எல்லார்க்கும் உரியது ஆளில்லாச் சொத்தாகக் கருதப்படுகின்றது! பொது என்றால் எவனும் கேட்க மாட்டான் என்று பொருளா? எல்லாரும் கேட்பர் என்று பொருளா? இரண்டாவது பொருளைத் தமிழர் நிலைநாட்டும் வரை, பொதுவெளி எங்கும் தப்பாது.

பலகையில் தமிழ், ஆவணத்தில் தமிழ், ஆட்சியில் தமிழர்

மொழியுரிமையும் ஊருரிமையும் வேறுவேறு என்று எண்ணுவோர் இன்னும் உளர். வடலூரின் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கடைப்பலகையில் தமிழ் முதன்மையாகவும் பெரிதாகவும், 5:3:2 என்னும் அளவில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. நடப்பதோ ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் காட்டும் விளையாட்டு. மனைப்பிரிவுகளுக்கோ காலனி, அவென்யூ, என்கிளேவ்! குப்பம் என்றும் கரை என்றும் பழம்பெயர் சுமந்து நின்ற நிலம், விற்பனைக்கு வந்ததும் பெயரை இழக்கின்றது. பெயர் போனால் நிலத்தின் வரலாறு போயிற்று. வரலாறு போனால் 'இது யார் கொடுத்தது?' என்று கேட்கும் நாவும் போயிற்று. பெயரழிப்பு என்பது நிலப்பறிப்பின் முதற்படி.

1956-இலேயே தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று. 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணை வந்தது. எழுத்துக்கூட்டில் குறை எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தன் ஊரின் பெயரைத் தன் ஒலிப்புப்படி எழுதவே இயலாத ஆட்சி, அவ்வூரின் நிலத்தை எவ்வாறு காக்கும்? மனைப்பிரிவு வரைபடமும் திட்ட அறிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தால், ஊரார் எதைப் படித்து எதை ஒப்புவர்? புரியாத மொழியில் வாங்கும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. அது கைவிரல் பதிவு!

எனவே வடலூர்த் தமிழர் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: பெருவெளி முழுவதும், பிறர் கைக்குப் போனது உள்ளிட்ட எண்பது காணியும் அளக்கப்பட்டு, எல்லைக்கல் நடப்பட்டு, வெளியாகவே இருத்தல் வேண்டும் என்று பதியப்படல் வேண்டும்.

இரண்டு: ஊர்ப்பொது நிலத்தில் எத்துறை எதைச் செய்வதாயினும், பகுதி மன்றங்களைக் கூட்டி, திட்ட அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். அவ்வொப்புதல் கட்டுப்படுத்துவதாக இருத்தல் வேண்டும்.

மூன்று: நகராட்சியின் வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு ஊர் நடுவில் ஒட்டப்படல் வேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கக்கூடாது.

நான்கு: மன்றத்தின் காலம் முடியுமுன் தேர்தல், தனி அலுவலர் ஆட்சிக்கு இனி இடமில்லை.

ஐந்து: புதிய மனைப்பிரிவு எதற்கும், அந்நிலத்தின் பழந்தமிழ்ப் பெயரை இட்டாலன்றி இசைவு இல்லை.

இவற்றுள் எது பெருஞ்செலவு பிடிப்பது? எது சட்டத்திற்குப் புறம்பானது? ஒன்றும் இல்லை. வேண்டுவது கேட்கும் துணிவு. குழிக்குள் இறங்கி நின்ற பார்வதிபுரத்துப் பெண்டிர்க்கு அத்துணிவு இருந்தது. புதிய வீடுகளில் வாழ்வோர், 'அது பழைய ஊராரின் சண்டை' என்று கதவடைத்துக் கொள்வாரேல், நாளை அவர்தம் தெருமுனைப் பூங்காவில் குழி தோண்டும்போது உடன் நிற்க ஒருவரும் வாரார். காணி கொடுத்தவரும் மனை வாங்கியவரும் ஒரே ஊர். இருவரும் கூடினால்தான் அது 'ஊர்'.

1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகின்றது. அதை எரியவைத்தது அரசாணை அன்று. நாள்தோறும் ஒருவர் மறவாமல் விறகு இட்டமையே. உரிமையும் அத்தகையது. ஒருநாள் விறகிடாது போனால் சாம்பல். இட்டுக்கொண்டே இருந்தால் தழல். வடலூர்த் தமிழர் விறகெடுத்து எழுக! ஊர் கூடுக! கணக்குக் கேட்க! வெளி காக்க!